சந்தேகப் பட்டன்

விசாரணைக்கு வந்தவனுக்கும் நாற்காலி வசதியாக இருக்கிறது, நன்றி ஐயா. எங்கள் ஆசிரியர் அறையில் இப்படி ஒன்று இருந்தால் அடித்துக்கொள்வார்கள்.

ஆன்லைன் பாட ஆப் செய்ய வந்தவர்கள் படித்த பிள்ளைகள்தான். "ஆசிரியர் சொல்றபடியே செய்றோம் சார்" என்றார்கள். ஆலோசனை சொல்லப் பள்ளி என்னை அனுப்பியது, பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சரை அல்ல. மணி அடித்த பிறகும் பிள்ளைகள் அவர் மேசையைச் சூழ்ந்துகொண்டு ஏதாவது கேட்டபடி நிற்பார்கள். பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்.

ஆப் வந்தபின் கணக்குக்கு எங்கள் இருவரில் ஒரே ஆள் போதும் என்று முதல்வர் சொல்லியிருந்தார். யார் பாடத்தில் சந்தேகம் குறைவோ அவரே நல்ல ஆசிரியர் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பெரியவர்கள் பேச்சை மறுத்து எனக்குப் பழக்கமில்லை.

சந்தேகம் கேட்க ஆப்பில் ஒரு பட்டன் உண்டு. என் பாடத்தில் அதைத் தொட்டால் வீடியோ முதலிலிருந்து ஓட வேண்டும், கடைசிவரை பார்த்தால்தான் கேள்வி எழுத இடம் திறக்க வேண்டும் என்றேன்.

"பசங்க வெறுத்துடுவாங்களே சார்?" என்றாள் ஆப் செய்கிற பெண்.

"கவனிச்சுக் கேப்பாங்கம்மா. டீச்சர் பாடத்துல மட்டும் உடனே திறக்கட்டும், அவங்களுக்கு அதான் பிடிக்கும்."

நான் சொல்லித்தான் செய்ததாக அவள் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பது உண்மை. நல்ல பெண். டீச்சர்கூட எனக்கு நன்றி சொன்னார், பாவம்.

பருவ முடிவில் டீச்சருக்குக் கேள்விகள் மலைபோல் குவிந்திருந்தன. எனக்கு ஒன்றுகூட இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியனுப்பு விழாவில் நான்தான் பேசினேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள்.

அவர் வகுப்பு என்னிடம் வந்தது. என் மகள் அந்த வகுப்புதான். டீச்சருக்கு வந்த கேள்விகளில் பாதி அவள் கேட்டவை என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த பரீட்சையில் கணக்குத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நேற்று அவள் அறைக்குப் போனேன். கணினியில் என் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள்.

"எது புரியலம்மா? அப்பா சொல்லித் தரட்டுமா?"

"எல்லாம் புரிஞ்சுதுப்பா" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

பெற்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.