துரை வந்தாச்சு

பெங்களூர் கண்டோன்மென்ட், அதாவது தண்டு, கண்ட தைரியசாலிகளில் முதல்வர், என் சிநேகிதன் டொமினிக்கின் சித்தப்பா ஓஸ்வால்ட். பேய், பிசாசு, பாதிரியார், எதற்கும் அஞ்சாதவர். இதை ஊருக்குச் சொன்னவரும் அவரே. ராத்திரி கொல்லைப்பக்கம் கக்கூசுக்குப் போகும்போது மட்டும் சித்தி பெர்னதெத் லாந்தரோடு வாசலில் நின்று பாட வேண்டும்.

சிரிக்காதே பவுலின். விளக்கைத் தணி... எல்லோரும் கிட்ட வாருங்கள்.

முப்பத்தொன்றாம் வருஷம், டிசம்பர். மாலை ஏழு மணி. ரிச்மண்ட் டவுனிலிருந்து நீலசந்திரா போகும் பாதை. அப்போது அங்கே வீடு கிடையாது. ராகிக் கொல்லை, சப்பாத்திக்கள்ளி, நரி. ஒரே ஒரு ஜட்கா. உள்ளே சித்தப்பா, பக்கத்தில் ஒரு தேனீப் பெட்டி.

அன்று பகலில், செத்துப்போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஏலம். பியானோவும் கட்டிலும் பெரிய மனிதர்களுக்குப் போயின. யாரும் கேட்காத கடைசிச் சாமான் சித்தப்பாவுக்கு: தேனீயோடு பெட்டி, புகை போடும் தகரக் குவளை, வலை தைத்த தொப்பி, முழங்கால் பூட்ஸ். எல்லாம் துரை உபயோகித்தவை. சித்தப்பாவுக்குத் தேன் பிடிக்காது. ஆனால் தேனீ வளர்ப்பது துரைமார் பொழுதுபோக்கு. தானும் வளர்த்தால் நீலசந்திராவில் ஒருநாள் தன்னையும் 'துரை' என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் உயிரையே கொடுப்பார்.

பெட்டியை ஒப்படைக்கும்போது ஏலக்காரர் சொன்னார்: "தேனீக்கு இன்னும் சேதி சொல்லலைங்க. அது அவங்க சீமை வழக்கம். பெட்டியத் தட்டி, 'துரை செத்துட்டார், இனிமே நான்தான் எஜமான்'னு சொல்லிடணும். மறந்துடாதீங்க."

தேனீயெல்லாம் கூடு திரும்ப இருட்டும்வரை காத்திருந்து, துவாரத்தில் ஈரத்துணி அடைத்து, புறப்பட்டார். தொப்பி தலையில். பூட்ஸ் காலில். பூட்ஸ் பெரிசு, உள்ளே பேப்பர் திணித்திருந்தார்.

பாதி வழியில் ஞாபகம் வந்தது. பெட்டியைத் தட்டினார். டொக்... டொக்... டொக். ஆனால் 'செத்துட்டார்' என்று சொல்ல வாய் வரவில்லை, அந்த இருட்டில். தவிர, ஜட்காக்கார ஷங்கர் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாளைக்கு ஊரெல்லாம் சொல்வான். சித்தப்பா கனைத்துக்கொண்டு, கம்பீரமாகக் கத்தினார்:

"துரை வந்தாச்சு!"

துரை வரும்போது பங்களாவில் இப்படிக் கத்துவது யார்? பட்லர்தானே...

பெட்டிக்குள் ரீங்காரம் சட்டென்று நின்றது. பிறகு வாசனை. பைப் புகையிலை. வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. குதிரை தடுமாறிற்று.

ஷங்கர் திரும்பிப் பார்க்கவில்லை. "சாமி, ரெண்டு பேரும் கொஞ்சம் முன்னாடி தள்ளிக் குந்துங்க. பின்பாரம் இழுக்குது."

சித்தப்பா குனிந்து காலைப் பார்த்தார். பூட்ஸ் கயிறு தானாக அவிழ்ந்துகொண்டிருந்தது. மெதுவாக... சொந்தக்காரர் அவிழ்ப்பதுபோல.

வீட்டு வாசலில் சித்தி லாந்தரோடு நின்றார். சித்தப்பா வெறுங்காலோடு குதித்து, வண்டியின் பின்னால் ஓடி, குனிந்து, காலி இருட்டுக்குக் கைகொடுத்தார்.

"யாருங்க அது?"

"மெதுவாப் பேசு. துரை."

வருஷங்கள் போய்விட்டன. பெட்டியில் ஒரு தேனீ இல்லை. ரீங்காரம் மட்டும் முன்னறையில் கேட்கிறது. சித்தப்பா தினமும் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறார். காலையில் அதில் புதுச் சேறு.

டொமினிக் ஒருநாள் கேட்டான்: "சித்தி, நீங்களாவது பெட்டியத் தட்டி, அவர் செத்துட்டார்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்டா. 'எந்த அவர்?'னு கேட்டுது."

சித்தி மேஜையில் சாப்பிடுகிறார். எதிரே இன்னொரு தட்டு. சித்தப்பாவுக்குச் சமையலறை வாசலில், தரையில்.

ராத்திரியில் கக்கூஸ் வாசலில் லாந்தரோடு நிற்பது இப்போது சித்தப்பாதான். உள்ளே தாழ் போட்டிருக்கும், பைப் புகையிலை வாசனை வரும்.