பரவாயில்லை என்றவர்களின் பை

எனக்குக் காத்திருக்கப் பிடிக்காது, ஐயா. முடிவெட்டும் கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அப்படியே திரும்பிவிடுவேன். ஒருமுறை இப்படித் திரும்பித் திரும்பியே நாலு மாதம் ஓடிவிட்டது. பின்னாலிருந்து பார்த்த என் மைத்துனர், தன் அக்கா என்று நினைத்து என்னிடம் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

எல்லாம் அந்தக் குணத்தில் தொடங்கியதுதான். புற்றுநோய்ப் பிரிவின் மருந்து ஜன்னலில் இருபத்தாறு வருடம் இருந்தேன். மாடியில் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு நோயாளிகள் கீழே வருவார்கள். வாந்தி மாத்திரை, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கிற மருந்து, மலச்சிக்கலுக்கு ஒன்று என்று வீட்டுக்குக் கொண்டுபோவதெல்லாம் என் ஜன்னலில்தான் வாங்க வேண்டும். மூன்று மணி நேரம் வரிசை. சிலர் கையில் பிளாஸ்டிக் வாளியோடு நிற்பார்கள்.

நாளைக்கு யாருக்கெல்லாம் ஊசி என்ற பட்டியல் முதல் நாள் மதியமே வந்துவிடும். அப்போதே பைகளைக் கட்டி, எண் போட்டு, கொக்கியில் மாட்ட ஆரம்பித்தேன். மூன்று மணி நேரம் பத்து நிமிடமாயிற்று. மேலதிகாரி கீழே வந்து கை குலுக்கினார். அவர் படியிறங்கி அதற்கு முன் நாங்கள் பார்த்தது லிஃப்ட் பழுதான அன்றுதான்.

வாந்தி மாத்திரை மட்டும் உதைத்தது. வாரத்துக்கு அறுபது பேர்; கிடங்கிலிருந்து வருவது நாற்பது பேருக்கு. 'இருப்பு இல்லை' என்று சீட்டில் எழுதினால் சண்டை. சண்டை வந்தால் வரிசை நிற்கும். வரிசை நின்றால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். வைட்டமின் மாத்திரையும் அதே அளவு, அதே வெள்ளை. நாங்கள் எப்போதும் டப்பாவிலிருந்து எண்ணிக் காகிதக் கவரில்தான் கொடுப்போம். கவரின் மேல் மருந்தின் பெயரை எழுதுகிறவன் நான்.

யாருக்கு எது என்பதில் நான் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள், குணம் தெரிந்துவிடும். சட்டைப்பையில் பேனா வைத்திருப்பவருக்கு நிஜ மாத்திரை. கூட வந்த மகள் கேள்வி கேட்டால் நிஜ மாத்திரை. "பரவாயில்லை, அவங்களுக்கு முதல்ல கொடுங்க" என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு வைட்டமின். அவர்கள் திரும்பி வந்து கேட்கமாட்டார்கள். கேட்கவும் இல்லை.

"என்னண்ணே, உங்க ஜன்னல்ல சண்டையே காணோம்? எங்களுக்குப் பொழுதே போகலை" என்றார் மாடி நர்ஸ்.

"எல்லாருக்கும் மருந்து கிடைச்சா எதுக்கும்மா சண்டை?" என்றேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். 'மருந்தின்றித் திரும்பியோர்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். அடுத்ததிலும் பூஜ்யம். அதைப் பார்த்துவிட்டு, இங்கே மருந்து மிஞ்சுகிறது என்று கிடங்கில் நாற்பதை முப்பதாக்கிவிட்டார்கள். அப்போது உண்மையை எழுதியிருக்கலாம். எழுதினால் பழைய பூஜ்யங்களுக்கு யார் பதில் சொல்வது? பொறுமைசாலிகளை இன்னும் பத்துப் பேர் தேட வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

அந்தப் பத்தில் ஒருவர் தையல்காரர். ஆறு ஊசி முடித்தால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவது ஊசியன்று ஜன்னலில் குனிந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இதைவிடக் கொஞ்சம் வலுவா ஏதாவது இருக்குமா? குடலே வெளிய வந்துடும் போல இருக்கு."

"போகப் போக உடம்பு பழகிக்கும்."

"சரி சார். நீங்க சொன்னா சரி."

அப்போது என் இழுப்பறையில் நிஜ மாத்திரை இருந்தது. அவருக்குப் பின்னால் மூன்றாவதாக நின்றவர் உரக்கப் பேசுகிறவர்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு தையல்காரர் வரவில்லை. சில மாதம் கழித்து அவர் மனைவி வந்தார், என்னுடைய கவரோடு.

"ஊசிக்குக் கூப்பிட்டா கதவைப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னுட்டார் சார். அந்த வாந்தியை நினைச்சாலே நடுங்குவார். போன மாசம் போய்ட்டார். இதுல நாலு மிச்சம், வேற யாருக்காவது ஆகும்னு கொண்டு வந்தேன். உங்க ஜன்னல்ல ஒரு நாளும் காக்க வச்சதில்லைன்னு சொல்லிக்கிட்டே இருப்பார்."

அவர் கும்பிட்டபோது நான் ஏதோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன். அன்று முதல் சாப்பாட்டை வாயில் வைத்தால் குமட்டுகிறது.

யாரும் என்னைப் பிடிக்கவில்லை, ஐயா. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கவர். தையல்காரரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எனக்குத் தெரியாது. பட்டியல் தருகிறேன், நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த நாலு மாத்திரை எங்கே என்கிறீர்களா? மறுநாள் பட்டியலில் ஒரு அம்மாவின் கவருக்குச் சரியாக நாலு குறைந்தது. தங்கமான அம்மா, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அதில் போட்டுவிட்டேன். வைட்டமின்தானே, ஐயா. அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது.