மூன்றாவது பாட்டின் கடைசி அடி

"நான் அடிக்காத அடி ஆல்பத்துல எப்டி மச்சி வந்துச்சு?"

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவன் கேட்டான். மடியில் வட்டமான பை. உள்ளே இருப்பது ஸ்நேர் என்னும், குச்சியால் அடிக்கும் சின்ன டிரம் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"எந்த அடி?" என்றான் பக்கத்தில் இருந்த நண்பன்.

"மூணாவது பாட்டு முடியற எடம். சர்ச் ஹால்ல ரெக்கார்ட் பண்றப்போ குச்சி கைய விட்டுப் போய்டுச்சு. கடைசி அடி விழவே இல்ல. ஆல்பத்துல பளார்னு விழுது."

"அங்க காலியா கேட்டுச்சு, ஒண்ணு போட்டேன். எல்லாத்தையும் சேத்து மிக்ஸிங் பண்றப்போ உன் ஸ்நேர் மொத்தத்தையும் எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல இருக்கற வேற டிரம் சவுண்ட்தான் வெச்சிருக்கேன்."

"ஏன்?"

"ஹெவி மெட்டல் ராக் பாட்டுடா. கிட்டாரே சுவர் மாதிரி நிக்குது. ஹால் எதிரொலியோட உன் ஸ்நேர் அதுக்குள்ள முங்கிடுது. கிழிச்சுக்கினு வெளிய வர வேணாமா?"

"எல்லாப் பாட்டுலயுமா?"

"எல்லாத்துலயும்."

மந்தைவெளி தாண்டியதும் மடியில் பை வைத்திருந்தவன் சொன்னான்.

"மெதுவா அடிச்ச எடத்துலகூட ஒரே மாதிரி கேக்குது. எங்கப்பா சர்ச் கொயர்ல கீபோர்டு வாசிக்கிறவரு. இத்தினி வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்ல. நேத்து கேட்டுட்டு, 'இப்பதான்டா உன் கை சமமா விழுது'ன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"தேங்க்ஸ்ப்பான்னேன். சனிக்கிழமை நம்ம ஷோவுக்கு வராராம். மேடைல இந்த ஸ்நேரத்தான அடிக்கணும்."

நண்பன் குனிந்து அந்தப் பையைப் பார்த்தான்.