மேலே ஏறின மண்கரை

நம்ம நகர்ச் சங்கத்துச் செயலாளர் ஐயா இப்பதான் மைக்ல பெருமையா சொல்லிட்டு உக்காந்தாரு... "பக்கத்து நகரைப் பாத்தா நம்ம நகர்ல குப்பை எவ்வளவோ கம்மி"னு. எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன்... மேடையில இருக்கேனே, தட்டாம முடியுமா? அந்தக் கைத்தட்டலை அப்படியே மனசுல வெச்சுக்கிட்டு ஒரு குட்டிக் கதை கேளுங்க.

தமயந்தின்னு ஒரு பொண்ணு. மண்ணைப் பத்தி ஆராய்ச்சி. எங்க, வயல்லயா? இல்லீங்க... கம்ப்யூட்டர்ல! கடலோரத்துல கொழகொழன்னு களிமண்ணு. அது மேல ரோட்டுக்காக உசரமா ஒரு மண்கரை. "கரை தாங்குமா? இன்னும் ரெண்டு மீட்டர் மண்ணு கொட்டலாமா?" இதை அந்தப் பொண்ணுதான் கணக்குப் போட்டுச் சொல்லணும். தப்பாச் சொன்னா... கரை சரிஞ்சு, கீழ இருக்கிற முப்பது வீடும் மண்ணுக்குள்ள!

கம்ப்யூட்டர் சொல்லுது, "கரை அமுங்கும்." நேர்ல அளந்து அனுப்பின ரீடிங் சொல்லுது, "கரை மேல ஏறுது." ஏறுதாம்! அவ்வளவு பாரத்தைத் தலையில வெச்சா யாராவது வளருவாங்களா? தமயந்தி போய்ப் பாத்துச்சா? ம்ஹூம்... ரீடிங்குக்குத் தோதா கம்ப்யூட்டரைத் திருத்துச்சு. மண்ணு தண்ணி குடிச்சு உப்புதுன்னுச்சு. இங்க ஒரு எண்ணை மாத்தி, அங்க ஒரு எண்ணை மாத்தி... நாலு மாசம்! கடைசியில ரெண்டும் அச்சு அசலாப் பொருந்திடுச்சு. "தாராளமா கொட்டலாம்"னு ரிப்போர்ட் ரெடி. அட்டையில போட ஒரு போட்டோ வேணுமே... அதுக்காகத்தான் அந்த ஊருக்கே போச்சு.

கரை ஓரமா ராசாம்பா அக்கா டீக்கடை.

"அக்கா, இங்க ஒரு சிமெண்ட் மேடை இருக்கணுமே? அதை வெச்சுத்தான் கரையோட உசரத்தை அளக்கிறோம்."

"அதுவா கண்ணு! நல்லா மட்டமா இருந்துச்சா... ஆயிரம் லிட்டர் தண்ணித் தொட்டியைத் தூக்கி வெச்சுட்டேன். அளக்க வர்ற தம்பிதான் ஒரு கை பிடிச்சாரு."

"ஐயோ... மேடை அமுங்கலையே?"

"அதெல்லாம் இல்ல. தை மாசம் தொட்டிக் குழாய்க்குக் கீழ குடம் நின்னுச்சு... இப்ப டம்ளர்தான் நிக்குது!"

புரியுதா? தொட்டி பாரத்துல மேடை வேகமா கீழ போவுது... கரை மெதுவா கீழ போவுது... மேடையை நம்பி அளந்தா, கரை மேல ஏறுது!

தமயந்தி அங்கயே போன் போட்டு, "ஒரு கூடை மண்ணுகூடக் கொட்டாதீங்க"ன்னு கத்துச்சு. ராசாம்பா அக்கா டீயை ஆத்திக்கிட்டே, "நல்ல வேளை கண்ணு... அந்த முப்பது வீட்டுல முதல் வீடு என்னுது"ன்னுச்சாம்.

ஏங்க... நாம மட்டும் என்ன? எதிர்வீட்டுப் பையன் முப்பது மார்க், நம்ம பையன் நாப்பது... ஏறிட்டானா? அவரு தினமும் குடிக்கிறாரு, நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான்... ஏறிட்டீங்களா? சிரிக்காதீங்க, யாருன்னு பேர் சொல்லிடுவேன்! நம்மளைவிட வேகமா கெட்டுப்போறவனை வெச்சு நம்மளை அளந்தா, நாம இறங்குறது நமக்குத் தெரியவே தெரியாது.

செயலாளர் ஐயா... கோவிச்சுக்காதீங்க. நாளைக்குக் காலையில நாலாவது தெரு முனைக் குப்பைமேட்டுக்கு வாங்க, நானும் வர்றேன். மூக்கைப் பொத்தாம அஞ்சு நிமிஷம் நின்னு காட்டுங்க... இன்னொரு தடவை தட்டுறேன்!