பிரகதியின் முறை

பாரதி: பிரகதி பங்கையும் நீயே சொல்லிடேன்டி ஷிஃபா.

ஷிஃபா: நான் எப்படிச் சொல்றது? ‘நான்’ உனக்கு, ‘நீ’ எனக்கு, ‘அவள்’ பிரகதிக்கு. திரும்ப ‘நாம’ உனக்கு, ‘நீங்க’ எனக்கு, ‘அவங்க’ அவளுக்கு. மூணு வருஷமா அப்படித்தானே?

பாரதி: அவதான் இல்லையே. வெள்ளிக்கிழமை எக்ஸாம். எம்.ஏ. முடிச்சாத்தான் பிளஸ் டூவுக்கு பிரெஞ்சு எடுக்க விடுவேன்னு எங்க கரஸ்பாண்டன்ட் கறாரா சொல்லிட்டாரு. பதினஞ்சு நாளா நான் புத்தகத்தையே தொடல.

ஷிஃபா: நாளைக்குக் கருமாதி பாரதி.

பாரதி: தெரியும்.

ஷிஃபா: தங்கம்மா அம்மா உன்கிட்டதான் வருவாங்க. “எம்பொண்ணு கடைசியா என்ன பேசினா”ன்னு. துக்கத்துக்குப் போனப்பவே மூணு தடவ கேட்டாங்க.

பாரதி: அன்னிக்கு அவ வீடியோ கிளாஸ்லயே சேரலன்னு சொல்லியாச்சு. போலீஸ்கிட்டயும் அதான் சொன்னோம். அதையே சொல்லு.

ஷிஃபா: அந்த முகத்தப் பாத்துகிட்டா?

பாரதி: இப்ப பாடமா, பஞ்சாயத்தா?

ஷிஃபா: பாடம்னா நீ என்னைய மியூட் பண்ணியிருக்கணும். மூணு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் பிரெஞ்சு மட்டும். தமிழ்ல ஒரு வார்த்த வந்தாலும் அந்த ரவுண்டு முழுக்க மியூட். சட்டம் போட்டவளே நீதான்.

பாரதி: குத்திக் காட்டாத.

ஷிஃபா: குத்தலடி… ஞாபகம் வந்துச்சு. ஒரு நாள் அவ மதகுல உக்காந்துகிட்டு “பாம்பு, பாம்பு”ன்னு கத்துனாளே, அப்பவும் மியூட் பண்ணின.

பாரதி: சாரப்பாம்பு. அப்புறம் அவளே விழுந்து விழுந்து சிரிச்சா. பிரெஞ்சுல பாம்புக்கு என்னன்னு தெரியலடி, அதான் தமிழ்ல கத்திட்டேன்னா.

ஷிஃபா: அவ ஊர்ல மதகுச் சுவர விட்டா வேற எங்கயும் சிக்னல் கிடையாது. குடவாசல்லேருந்து அஞ்சே கிலோமீட்டர்…

பாரதி: ஷிஃபா, ஆரம்பிக்கலாமா?

ஷிஃபா: சரி. எந்த வினை?

பாரதி: ‘வர்றது’. அந்தப் பழைய கால வடிவத்துல. கதைப் புத்தகத்துல மட்டும் வருமே, இப்ப பிரான்ஸ்காரனே வாயால பேச மாட்டான்… “அவ வரணும்னு ஆசப்பட்டாங்க”, “அவ வந்துடுவாளோன்னு பயந்தாங்க”, அந்த மாதிரி இடத்துல வர்றது.

ஷிஃபா: வேற வினை எடேன்.

பாரதி: போன வருஷம் இதான் கேட்டான். ம்… க ஜ வான்ஸ்.

ஷிஃபா: க த்யூ வான்ஸ்.

பாரதி: …

ஷிஃபா: …

— கெல் வான்.

பாரதி: பாத்தியா, சொல்லிட்டியே! இதுக்குப் போயி இவ்வளவு நேரம் இழுத்த.

ஷிஃபா: நீதானே சொன்ன?

பாரதி: நானா? நான் எதுக்குடி சொல்றேன்?

ஷிஃபா: பாரதி, சத்தியமா நான் வாயவே தொறக்கல.

பாரதி: விளையாடாத.

ஷிஃபா: யா அல்லாஹ்… உம்மா மேல ஆணை. இன்னொண்ணு, நான் சொல்லியிருந்தா ‘அவன்’னுதான் சொல்லியிருப்பேன். புத்தகத்துல இருக்கறதும் அதான். ‘கெல்’னு ‘அவள்’ போட்டுச் சொல்றவ ஒருத்திதான்.

பாரதி: ஸ்கிரீன்ல பாரு. ரெண்டு கட்டம்தான் இருக்கு. கும்பகோணத்துல நான், மாயவரத்துல நீ.

ஷிஃபா: உனக்குத் தண்ணிச் சத்தம் கேக்குதா?

பாரதி: பக்கத்து வீட்டு மோட்டர்.

ஷிஃபா: மோட்டர் இல்ல. ஓடுற தண்ணி.

பாரதி: …கேக்குது.

ஷிஃபா: வெளிய வந்துடலாம்டி.

பாரதி: இரு… யாரோ உள்ள வர்றாங்க. மூணாவது கட்டம்.

ஷிஃபா: பேர் என்ன போட்டிருக்கு? எனக்கு இன்னும் தெரியல.

பாரதி: ‘பிரகதி’ன்னு.

ஷிஃபா: அவ போன் தண்ணியோட போயிடுச்சே! அவள எடுத்தப்புறம் மூணு நாளு வல போட்டுத் தேடியும் போன் கிடைக்கலையே!

பாரதி: மைக் மேல சிவப்புக் கோடு போட்டிருக்கு. மியூட்ல இருக்கா.

ஷிஃபா: நீ பண்ணினியா?

பாரதி: இன்னிக்கு நான் எதையும் தொடல. …அன்னிக்குப் பண்ணினது.

ஷிஃபா: உளறாத. அதெல்லாம் அன்னிக்கே முடிஞ்ச வீடியோ கால்.

பாரதி: அன்னிக்கு நான் பண்ணின மியூட்ட அவ எடுக்கவே இல்ல ஷிஃபா. நம்மால எடுத்து விட முடியாது, அவதான் அமுக்கணும். தண்ணிக்குள்ள எப்படி அமுக்குவா?

ஷிஃபா: பாரதி…

பாரதி: இரு, நான் சொல்லிடறேன். பிரகதி… கேக்குதாடி? நீ தமிழ்ல கத்தின. முத ரெண்டு எழுத்துதான் காதுல விழுந்துச்சு, கை தானாப் போயி அமுக்கிடுச்சு. திரும்பவும் பாம்புதான்னு நெனச்சேன். சிரிச்சேன்டி. சிரிச்சுகிட்டே “மியூட்”னு சொன்னேன். உன் முறைய விட்டுட்டு ‘நாம’ன்னு நான் மேல சொல்லிட்டுப் போனேன்… ஒன்றரை நிமிஷம்… ரவுண்டு முடியற வரைக்கும்.

ஷிஃபா: அழாத பாரதி.

பாரதி: பொய் சொன்னதும் நான்தான். என்ன மன்னிச்சுடு.

ஷிஃபா: நீ மட்டும் இல்லடி.

பாரதி: என்ன?

ஷிஃபா: நீ சிரிச்சுகிட்டு இருந்த, உனக்கு ரெண்டு எழுத்து. மியூட் விழறதுக்குள்ள நான் முழுசா கேட்டேன். அது பாம்பு பாத்த குரல் இல்லன்னும் எனக்குத் தெரிஞ்சுது. உன்கிட்ட சொல்ல வாயெடுத்தேன்… தமிழ்ல சொன்னா என்னையும் மியூட் பண்ணிடுவியேன்னு, “அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு”ங்கறதுக்கு பிரெஞ்சுல என்னன்னு யோசிச்சேன்.

பாரதி: ஷிஃபா…

ஷிஃபா: கண்டுபிடிக்கறதுக்குள்ள ரவுண்டு முடிஞ்சு போச்சு. இத நான் உன்கிட்டகூட சொல்லல. தூங்கி பதினஞ்சு நாளாச்சு.

பாரதி: கட்டம் இன்னும் இருக்கு. போகல.

ஷிஃபா: வெளிய வந்துடலாம். கெஞ்சிக் கேக்கறேன்.

பாரதி: மாட்டேன். அவதானான்னு தெரிஞ்சாகணும். பாதியில நிக்குதுல்ல, மிச்சத்தையும் சொல்லுவோம். அவளா இருந்தா கடைசிப் பங்க அவ விட மாட்டா.

ஷிஃபா: எனக்கு பயமா இருக்குடி.

பாரதி: எனக்கு மட்டும் என்னவாம்? சொல்லு. க நூ வான்ஸியோன்.

ஷிஃபா: க வூ… வான்ஸியே.

பாரதி: …

ஷிஃபா: பாரதி, சிவப்புக் கோடு போயிடுச்சு.

— கெல் வான்ஸ்.

ஷிஃபா: யா அல்லாஹ்!

பாரதி: பிரகதி! பிரகதி, நீதானாடி? பேசு. தமிழ்லயே பேசு, நான் எதையும் அமுக்க மாட்டேன்…

— நான்தான் பாப்பா. தங்கம்மா.

பாரதி: அம்மா?

ஷிஃபா: அம்மா… நீங்களா?

தங்கம்மாள்: ஆமா ஆயி. அவளுக்கு ஸ்கூல்ல குடுத்த டேப்பு, பெரிய போனாட்டம், ஒண்ணு கெடந்துச்சு. ஞாயித்துக்கெழம மூணு மணியாச்சா, பாடச் சத்தம் இல்லாம என்னமோ பண்ணுச்சு. கனகாதான் போட்டுக் குடுத்தா. மருமவ, உங்களுக்குத் தெரியுமில்ல. வூட்டுல சிக்னல் எடுக்கலன்னு மதகுக்குக் கொண்டாந்தோம். அந்தாண்ட நிக்கிறா.

பாரதி: நீங்க எப்படிம்மா… அந்த வார்த்தைய…

தங்கம்மாள்: அடுப்படியிலயும் அதான், மாட்டுக் கொட்டாயிலயும் அதான். நாளு பூரா சொல்லிகிட்டே இருப்பா. அர்த்தம் எங்க தெரியுது? அவ பங்கு மட்டும் எனக்கு மனப்பாடம். நீங்க ரெண்டு பேரும் சொல்லிட்டு கம்முனு இருந்தீங்களா, வாயில தானா வந்துடுச்சு.

ஷிஃபா: முதல்ல சொன்னப்பவும் இப்படித்தான் பயந்துட்டோம்மா.

தங்கம்மாள்: மொதல்லயா? நான் சொன்னது இந்த ஒருக்காதான ஆயி.

பாரதி: இல்லம்மா, ‘கெல் வான்’னு… நீங்கதானே…

தங்கம்மாள்: அத நான் சொல்லல. கனகா இதுக்குள்ள வுட்டப்ப நீங்க ‘பேர் என்ன போட்டிருக்கு’ன்னு கேட்டுகிட்டு இருந்தீங்க. அதுக்கு முன்னால எதுவும் எனக்குக் கேக்கல.

ஷிஃபா: பாரதி…

பாரதி: அப்ப நாங்க பேசினதெல்லாம்…

தங்கம்மாள்: கேட்டேன்.

பாரதி: அம்மா, நான்… என்ன நீங்க செருப்பால அடிங்கம்மா. நாளைக்கு எல்லார் முன்னாலயும் அடிங்க.

தங்கம்மாள்: ஷிஃபா பாப்பா, நீ முழுசா கேட்டேன்னியே. என்ன சொன்னா? சொல்லு ஆயி. நான் தாங்கிக்குவேன்.

ஷிஃபா: “அம்மா, வழுக்குதும்மா, வாம்மா”ன்னாம்மா. அவ்வளவுதான்.

பாரதி: அம்மா? அம்மா, இருக்கீங்களா? கனகாக்கா, அம்மாவப் பிடிச்சுக்குங்க!

தங்கம்மாள்: இருக்கேன். என்னைத்தான் கூப்புட்டிருக்கா.

பாரதி: நான் மட்டும் அமுக்காம இருந்திருந்தா…

தங்கம்மாள்: நீ அமுக்குனா உங்களுக்குத்தான பாப்பா கேக்காது. எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு வயலு தள்ளி நடவுல நின்னேன். என்ன சொல்றான்னு வெளங்கல, கொரலு மட்டும் வந்துச்சு. பக்கத்துல நட்டவகூட “ஒம்பொண்ணு என்னமோ கத்துறாளே”ன்னா. “அது பிரெஞ்சுடி, அவ அப்புடித்தான் படிப்பா”ன்னு பெருமையா சொல்லிட்டு, அடுத்த நாத்துமுடியப் பிரிச்சேன்.