கடைசிக் கொக்கியில் தொங்காத துண்டு

இந்த அவைக்குத் தலைமையேற்று எங்கள் ஆரவாரத்தை ஒரே பார்வையால் அடக்கிவைத்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, தீர்மானத்தைச் சட்டைப்பையில் மடித்து எடுத்து வந்திருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, மேடையின் ஓரத்து நாற்காலியில் முகம் நிமிராமல் அமர்ந்திருக்கும் எங்கள் ஓட்டப் பயிற்சி ஆசிரியை அவர்களே, வேலை முடிந்து வியர்வை உலரும் முன்னே வந்து சேர்ந்த தந்தைமாரே, மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாய் அமர்ந்திருக்கும் தாய்மாரே, என்னோடு மண்ணில் விழுந்து மண்ணோடு எழும் தோழியரே, உங்கள் அனைவருக்கும் என் நடுங்கும் குரலின் வணக்கம்.

இந்தக் குரல் மேடைக்குப் புதிதன்று. காட்டைப் பற்றிப் பேசியிருக்கிறது, கடலைப் பற்றிப் பேசியிருக்கிறது, கோப்பையும் வாங்கியிருக்கிறது. இன்று பேச வேண்டிய சொல்தான் புதிது. மாதவிடாய். சொல்லிவிட்டேன். சொன்ன கணமே என் காதுமடல் சுடுகிறது. மூன்றாம் வரிசையில் என் அப்பா தம் செருப்பை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். பின்வரிசையில் இரண்டு அண்ணன்மார் முழங்கையால் இடித்துக்கொள்கிறார்கள். இடித்துக்கொள்ளுங்கள் அண்ணா. முழங்கை உங்களுடையது. காதை மட்டும் கொஞ்ச நேரம் எனக்குத் தாருங்கள்.

எதற்காக இந்தச் சொல் இந்த மேடையில்? எங்கள் அணியிலேயே வேகமானவள், நாங்கள் சிட்டு என்று அழைக்கும் தோழி, தகுதிப் போட்டியின் கடைசி வளைவில் விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் முடியளவு கீறல். ஓடியதால்தானே ஒடிந்தது, ஆகவே பெண் பிள்ளைகளுக்கு இனி ஓட்டமே வேண்டாம் என்பதுதான் தலைவர் ஐயாவின் சட்டைப்பையில் உள்ள தீர்மானம். நான் இறங்கியதும் கைகள் உயரப் போகின்றன. உயர்த்துவதற்கு முன், அவள் எங்கே விழத் தொடங்கினாள் என்பதை மட்டும் கேளுங்கள்.

ஓடுபாதையில் அல்ல. எங்கள் உடைமாற்றும் அறையில். ஜன்னலில்லாத நீண்ட அறை அது. ஈரச் சுவர், சிமிட்டிக்கொண்டே எரியும் குழல்விளக்கு, சுவர் நெடுகத் துண்டு மாட்டக் கொக்கிகள். கதவைத் திறந்தால் அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோகும் ஒரு கொக்கியும் உண்டு. அதைக் கடைசிக் கொக்கி என்போம். மாதவிடாய் வந்தவள் தன் துண்டை அதில் மாட்டிவிட வேண்டும். ஆசிரியை வருவார், கதவைச் சற்றே விலக்கிப் பார்ப்பார், அந்தத் துண்டுக்காரிக்கு அன்று தாவல் பயிற்சி தரமாட்டார். கேள்வி கிடையாது, பதில் கிடையாது, வாயைத் திறக்கும் தேவையே கிடையாது. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

சிட்டுவின் துண்டு ஒரு கட்டத்திற்குப் பிறகு அந்தக் கொக்கிக்கு வரவே இல்லை. நாங்கள் கவலைப்பட்டோமா? பொறாமைப்பட்டோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அணித் தலைவி அவளைப் பார்த்து, “உனக்கென்னடி மகாராணி, துண்டுக்குக்கூட இடம் மாத்துற வேலையில்ல” என்றாள். ஆசிரியையும் அவள் முதுகில் தட்டி, கொடுத்துவைத்தவள் என்றார். அந்தப் பாராட்டில் சிட்டு பூத்துப்போனாள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். விடியற்காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு வருவாள். மதியச் சாப்பாட்டில் பாதியை எங்கள் பக்கம் தள்ளுவாள். நாங்களும் வெட்கமில்லாமல் வழித்துத் தின்றோம். எடை இயந்திரத்தில் முள் இறங்க இறங்கக் கை தட்டினோம். அவள் உடல் உள்ளுக்குள் கதவு கதவாகச் சாத்திக்கொண்டிருந்தது. வெளியே நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தோம்.

மருத்துவமனைக்கு அவளைத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனவர்களில் நானும் ஒருத்தி. உடன் அவள் அம்மா. மருத்துவர், கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று கேட்டார். வலியிலும் சிட்டுவின் முகத்தில் ஒரு மிதப்பு.

“எனக்கு அதெல்லாம் வர்றதே இல்ல டாக்டர்.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “இதையா கண்ணு பெருமையா சொல்ற?” என்றார். அவள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு அவர் சொன்னதை எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். மூளையின் அடியில் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அது சினைப்பைக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கே ஒரு கருமுட்டை முதிர்கிறது. முதிரும்போதே ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. வரக்கூடிய விருந்தாளிக்கு மெத்தை விரிப்பதுபோல் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. முட்டை வெளிவருகிறது. விருந்தாளி வரவில்லையென்றால், விரித்த மெத்தை குருதியோடு கழிந்து வெளியேறுகிறது. மறுபடியும் முதலிலிருந்து. அழுக்கா இது? தண்டனையா இது? தானே கூட்டித் தானே பெருக்கும் ஒரு வீட்டு வேலை, அவ்வளவுதான் தாய்மாரே. வயதுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகள் அது முன்னே பின்னே வரலாம். ஆனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராமல் நின்றால், காரணம் கேட்டே ஆக வேண்டும்.

சிட்டுவுக்கு ஏன் நின்றது? செலவழிக்கும் சக்திக்கு ஈடாக உணவு உள்ளே போகவில்லை. பானையில் ஒன்றுமில்லாத வீட்டில் யார் விருந்துக்கு அழைப்பார்கள்? மூளை செய்தியை நிறுத்தியது. செய்தி நின்றதால் ஈஸ்ட்ரோஜன் குறைந்தது. எலும்புக்குக் காவல் நிற்பதும் அந்த ஈஸ்ட்ரோஜன்தான். காவல் போனது, எலும்பு மெலிந்தது, கீறியது. வராத மாதவிடாய் மாதாமாதம் எங்களை எச்சரித்துக்கொண்டே இருந்தது. அதைத்தான் நாங்கள் பாக்கியம் என்றோம்.

இந்தப் பாடம் எங்கள் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனார்கள். வீட்டில் கேட்டால், பள்ளியில் சொல்லுவார்கள் என்றார்கள். யாரும் சொல்லாத இடத்தில் தெரு சொல்லத் தொடங்கியது. அவளுக்கு நின்றுபோனதற்குத் தெரு கண்டுபிடித்த காரணத்தைச் சொல்ல என் நாக்குக் கூசுகிறது. ஆம் ஐயா, தலையை ஆட்டுகிறீர்கள், நீங்களும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். பசியால் நின்றதைப் பழியாக்கிய ஊரில்தான் நாமெல்லாரும் குடியிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தச் சொல்லுக்குச் சுடாத அளவு அந்தப் பழிக்கு என் காது சுடுகிறது.

அவையோரே, ஓட்டம் அவள் எலும்பை ஒடிக்கவில்லை. பட்டினி ஒடித்தது, அறியாமை ஒடித்தது, எங்கள் ஊமைக் கொக்கி ஒடித்தது. உணவும் ஓய்வும் கிடைத்தால் அவள் உடல் தேறும், மீண்டும் ஓடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஓடுபாதையை மூடினால் எங்களில் யாருக்கு அறிவு வரும்? பயிற்சிக்கு முன் ஒரு முட்டை, ஒரு குவளைப் பால் கொடுங்கள். தாண்டிப்போன பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். ஆசிரியை எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். நாங்கள் வாயைத் திறந்து…

யாரோ எழுந்திருக்கிறார்கள். சிட்டுவின் அம்மா. சொல்லுங்கள் அம்மா, ஒலிவாங்கி அங்கே வராது, நீங்கள் சொல்வதை நானே திருப்பிச் சொல்கிறேன்.

பின்வரிசைக்கும் கேட்கட்டும். அவர் சொல்கிறார்: “அவளுக்கு நின்னுபோனது எனக்கு மொதல்லயே தெரியும். பெத்த பொண்ண சந்தேகப்பட்டேன். கேக்க வெக்கப்பட்டு, அவகூட பேசறதையே நிறுத்திட்டேன். டாக்டர் சொன்னப்புறமும் அவ மூஞ்சியப் பாக்க முடியல. என் பொண்ணு ஓடணுங்கிறா. ஓடட்டும்.”

நான் மனப்பாடம் செய்து வந்த முடிவுரை இதற்குமேல் எதற்கு?

கூசும் சொற்களைப் பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், நிமிர்ந்து என்னைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியைக்கும், செருப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்ட என் அப்பாவுக்கும் நன்றி கூறி, கைகூப்பி இறங்குகிறேன். தலைவர் ஐயா, உங்கள் தீர்மானத்தைப் படிக்கலாம். அந்த அம்மா இன்னும் உட்காரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் படியுங்கள். வணக்கம்.