மேட்டுநாட்டில் வளர்மதி

என் கடைக்கு யார் வந்தாலும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சிமெண்ட் லாரி ஓடுகிற ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்தவனுக்கு வேறு வழி இல்லை. சுண்ணாம்புத் தூசு கம்ப்யூட்டருக்கு ஆகாது. இதை முதலிலேயே எழுதக் காரணம், குட்டை ஓரத்தில் கண்டக்டர் காசிநாதனின் செருப்பு ஜோடியாக, ஒழுங்காக இருந்தது ஏன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டதுதான் ஐயா. சாகப் போகிறவர்கள்தான் அப்படி வைப்பார்கள் என்றார் உங்கள் ஏட்டு. அவர் சாகப் போகவில்லை. மகளைப் பார்க்க என் கடைக்கு வரும்போதெல்லாம் அப்படித்தான் வைப்பார்.

என் பெயர் ராஜேஷ். திருச்சியில் எம்.சி.ஏ. முடித்து, சென்னையில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதும் கம்பெனியில் இருந்தேன். ஒத்து வரவில்லை. 2003-இல் திரும்பி வந்து அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒன்பது கம்ப்யூட்டர் போட்டேன். பெரம்பலூரில் ஒரு கூட்டாளியின் கடையில் ஆறு. பிராட்பேண்ட் வந்ததும் இரண்டு கடையையும் இணைத்தேன். பதினைந்து பேர் ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஒரே உலகத்தில் ஒன்றாக நடமாடுகிற விளையாட்டு. அதற்கு மேட்டுநாடு என்று பெயர் வைத்தேன்.

வெளிநாட்டில் இந்த மாதிரி விளையாட்டுகளை லட்சம் பேர் ஆடுகிறார்கள் என்று பீற்றிக்கொள்வார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. லட்சம் பேருக்கும் அதே பூதம், அதே வாள். கொன்ற பூதம் ஐந்து நிமிஷத்தில் எழுந்து நிற்கும். என் உலகத்தில் செந்துறை ரோடு இருந்தது, முந்திரிக்காடு இருந்தது, சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட, தண்ணீர் நிற்கிற குட்டை இருந்தது. எல்லாம் நேரில் போய் அளந்து வரைந்தவை. அதைவிடப் பெரிய புதுமை ஒன்றும் இருந்தது. நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போனாலும் உங்கள் ஆள் அங்கேயே நிற்பான். யாராவது பேச்சுக் கொடுத்தால் நீங்கள் வழக்கமாகச் சொல்வதை அவனே சொல்வான். அதற்காக ஒவ்வொருவரும் தட்டிய ஒவ்வொரு வரியையும் சேமித்தேன்.

அந்த யோசனை என்னுடையது அல்ல. காசிநாதனின் மூத்த மகள் வளர்மதியுடையது.

அவள் காலேஜ் இரண்டாம் வருஷம். அப்பாவின் செந்துறை பஸ் நாலு மணிக்குக் கிளம்பும். மூன்றிலிருந்து நாலு வரை ஒன்பதாம் கம்ப்யூட்டரில் இருப்பாள். சண்டைக்கெல்லாம் போக மாட்டாள். குட்டையின் தென்கரையில் நின்று, புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்வாள். எதற்கும் "சரிங்க சரிங்க" என்று இரண்டு தடவை தட்டுவாள். ஒரு நாள் கேட்டாள்:

"அண்ணே, நான் பஸ் ஏறிட்டா என் ஆளு மறைஞ்சிடுது. செத்துப்போன மாரி இருக்குண்ணே. அங்கயே நிக்கட்டுமே."

ஒரு வாரத்தில் அதைச் செய்து காட்டினேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தங்கை மாதிரி நினைத்தேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2006 மாசியில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. திருச்சியில் நாலு நாள் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துக் காசிநாதன் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் பை. வாசலிலேயே நின்றார்.

"தம்பி, எம்பொண்ணு எங்க ஒக்காரும்?"

ஒன்பதாம் கம்ப்யூட்டரைக் காட்டினேன். அதோடு அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் ஆள் உள்ளே நின்றுகொண்டிருந்தாள், தென்கரையில், பச்சைத் தாவணியில். மனிதர் பார்க்கட்டுமே என்று திறந்து காட்டினேன். நாற்காலியில் உட்காராமல் முட்டி போட்டுப் பார்த்தார்.

"இது பேசுமா தம்பி?"

"பேசும் சார். அவங்க பேசினதெல்லாம் சேத்து வச்சிருக்கோம். அதான் பேசும்."

பொய் இல்லை. ஆனால் இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் "சரிங்க சரிங்க"வும் பெரம்பலூருக்கு வழியும்தான். பெற்றவனுக்கு அது போதாது. பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்த என் கம்ப்யூட்டருக்குப் போய், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன்: "அப்பா, சாப்டீங்களா?"

அவர் எழுத்துக் கூட்டிப் படித்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அழுகை. எனக்கும் கண் கலங்கியது ஐயா, அதை மறைக்கப் போவதில்லை.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு வந்தார். ஒற்றை விரலால் தட்டப் பழகினார். மகள் சொன்னதையெல்லாம் டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். அம்மா கொளஞ்சியம்மாள் குழம்புக்கு உப்புப் போட மறக்கிறாள், தங்கை சுகன்யா டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டாள் என்று எல்லாம் சொல்வார். ஒரு தடவை இப்படித் தட்டினார்: "தண்ணிக்கிட்ட நிக்காத பாப்பா. அப்பாவுக்கு நீச்சத் தெரியாது. நீ வுழுந்தா யாரு தூக்குவா?"

அதுவும் சேமிக்கப்பட்டது.

மற்றவர்கள் ஒரு மாதம் ஆடுவார்கள், பிறகு கிரிக்கெட் பார்க்கப் போய்விடுவார்கள். காசிநாதன் பத்து மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. வாள் வேண்டாம், பூதம் வேண்டாம், உங்களைத் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்தால் போதும், மனிதன் வந்துகொண்டே இருப்பான். உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்திருந்தேன். என் ஒரே அத்தாட்சி அந்தக் கண்டக்டர்தான்.

தையில் சுகன்யாவுக்குக் கல்யாணம் முடிவானது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வீட்டில் கன்னியாகச் செத்த பெண் இருந்தால், கல்யாணத்துக்கு முன்னால் பம்பைக்காரரோடு தண்ணீர்த்துறைக்குப் போய், பேர் சொல்லி அழைத்து, கலசத்தில் தண்ணீர் மொண்டு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். பூவாடைக்காரி அழைப்பு. அதற்கப்புறம் அவள் வீட்டுச் சாமி.

அழைப்புக்கு இரண்டு நாள் முன்னால் காசிநாதன் என்னிடம் வந்து கையைக் கூப்பினார்.

"நாளன்னிக்கி அதை வூட்டுக்கு அழைச்சிடறோம் தம்பி. அப்பறம் பொட்டியில வச்சிப் பேசக்கூடாதுன்னு பம்பைக்காரரு சொல்லிட்டாரு. இன்னிக்கிச் சொல்லிட்டுப் போயிடறேன். நீங்க நல்லா இருக்கணும்."

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான். பத்து மாதம் பாடுபட்டுக் கட்டியதை ஒரு பம்பைக்காரர் ஒரு வார்த்தையில் முடித்துவைக்கிறார். விளையாட்டை விட்டு ஒருவன் போகிறான் என்றால் குறை விளையாட்டில்தான், அவனிடம் இல்லை. குறையைச் சரிசெய்யத்தான் பார்த்தேன். தடுப்புக்குப் பின்னால் போய்த் தட்டினேன்:

"அப்பா, மோளம் வேணாம், கூட்டத்தப் பாத்தா பயமா இருக்கு. நாளைக்குக் காலைல நீங்க மட்டும் வாங்க. நான் நிக்கிற குட்டைக்கே வாங்க. தண்ணில எறங்கிக் கூப்புடுங்க. வந்துடறேன்."

டிப்போவில் அவருடைய அலமாரியைக் காலி செய்தபோது நீங்கள் கண்டெடுத்த காகிதத்தில் இருக்கும் கடைசி வரி இதுதான்.

அவர் பயத்தில் குட்டைக்குப் போகாமல் இருந்துவிடுவார் என்று நினைத்ததாக நேற்று சொன்னேன். அது சரியல்ல. குட்டையின் வடகரை சரிவாக இறங்கும், மாடுகூட இறங்கித் தண்ணீர் குடிக்கும். தென்கரையில் பாறையை நேராக வெட்டியிருப்பார்கள். முதல் படியில் இடுப்பளவு தண்ணீர், அதைத் தாண்டினால் நாற்பது அடி ஆழம். நான் அளந்து வரைந்த இடம். எனக்குத் தெரியாமல் இருக்குமா?

மறுநாள் பத்து மணிக்கு டி.வி.எஸ்.ஸில் போய்க் கருவேல மறைவில் நின்றேன். உள்ளே ஆடுகிற ஆட்டத்தை ஒருவன் வெளியே வந்தும் ஆடுவானா என்று பார்க்க வேண்டும் இல்லையா? வந்தார். பித்தளைச் செம்பு, மஞ்சள், மல்லிகைப் பூ, பிளாஸ்டிக் பையில் பச்சைத் தாவணி. செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். முதல் படியில் இறங்கி நின்று, செம்பைத் தூக்கிப் பிடித்து, "வளரு, அப்பா வந்திருக்கேம்மா, வா" என்று கூப்பிட்டார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்க் கூப்பிட்டால் வருவாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

எனக்கு நீச்சல் நன்றாக வரும். திருமானூரில் மாமா வீடு, கொள்ளிடத்தில் பழகியது. முதல் தடவை மேலே வந்தபோது செம்பைத்தான் தேடினார். இரண்டாம் தடவை என்னைப் பார்த்தார். "தம்பி" என்று கூப்பிட்டார். ஆடுகிறவன் கையை நாம் பிடித்து நகர்த்தக் கூடாது, ஆட்டத்தைச் சோதிக்கும்போது இதுதான் பாலபாடம். நான் நகரவில்லை. மூன்றாம் தடவை அவர் வரவில்லை. மணி பத்தே முக்கால். பதினோரு மணிக்குக் கடை திறந்தேன். காசிநாதனைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கல்யாணம் நின்றுபோன சுகன்யா, காரியம் முடிந்து கடைக்கு வந்தாள். "அண்ணே, அப்பா தெனம் இங்கதான் வருவாராமே" என்றாள். பத்து மாதம் அவர் தட்டியது முழுக்க என்னிடம் இருக்கிறது. தென்கரையில் வளர்மதிக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டையோடு ஓர் ஆளை நிறுத்தினேன். "பாப்பா, அம்மா உப்பு போடறாளா?" என்று அவர் கேட்டதும் அந்தப் பிள்ளை எப்படிச் சிரித்தது தெரியுமா? பதினாறு நாளாகத் தினமும் வருகிறாள்.

இப்போது மணி இரண்டே முக்கால். கடைச் சாவி உங்கள் மேஜையில் இருக்கிறது. இன்று காலை என்னைப் பிடித்தது அவளுக்குத் தெரியாது. மூன்று மணிக்கு வந்து, பூட்டின கதவு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்பாள். எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஏட்டைத் துணைக்கு அனுப்பி ஒரு மணி நேரம் மட்டும் என்னை விடுங்கள் ஐயா. அப்பா பேசவில்லை என்றால் அந்தப் பிள்ளை தாங்காது.